பூச்சந்தையில் கிடைத்த செவலைப் பூனைக்குப் பெயர் வேண்டும், சனிக்கிழமைக்குள்

மாடிவீடு (செவ்வாய், இரவு 9.50)

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசகியாக மட்டும் இருந்தேன். இது என் முதல் பதிவு.

போன ஞாயிறு காலை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போயிருந்தேன். வழக்கமாக நான் வாங்கும் கடை அக்கா, "இந்தா, இதையும் கொண்டு போ" என்று ஒரு ஈரச் சாக்கை விலக்கிக் காட்டினார். வாடிப்போன மல்லிக்கு நடுவே ஒரு பூனைக்குட்டி சுருண்டு கிடந்தது. தாய்ப்பூனை நான்கு நாளாக வரவில்லையாம். பூ நிறுக்கும் தராசிலேயே தூக்கி வைத்தார். 700 கிராம். "முக்கால் கிலோ மல்லி இன்னைக்கு என்ன விலை தெரியுமா? இது உனக்குச் சும்மா" என்றார். எப்படி மறுப்பது? பூக்கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் தூங்கியது.

உடம்பு செம்மஞ்சள், வால் நுனியும் நான்கு பாதமும் வெள்ளை. ஆணா பெண்ணா தெரியவில்லை. சனிக்கிழமை ஊசி போட வரச் சொல்லியிருக்கிறார்கள். அட்டையில் பெயர் எழுத வேண்டுமாம்.

வீட்டு நிலவரம்: மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு டோரேமான்தான் வேண்டும். அவருக்கு, "பூனைக்கு எதுக்குப் பேரு, பூனைன்னு கூப்பிட்டா வராதா?" அத்தை (மாமியார்) ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: சாமி பெயர் கூடாது. எனக்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் வேண்டும். உதவுங்கள்.

பரோட்டாமாஸ்டர் (செவ்வாய், இரவு 9.58)

மதுரையில் எடுத்த பூனைக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஜிகர்தண்டா. நிறமும் பொருந்தும். நீளம் என்றால் ஜிகரு. அதுவும் பிடிக்கவில்லையா, சால்னா.

நத்தம்ரோடு (செவ்வாய், இரவு 10.20)

பெயர் வைக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். இரவு பதினொரு மணிக்கு மொட்டைமாடியில் நின்று அந்தப் பெயரை மூன்று தடவை சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். வெட்கமாக இல்லை என்றால் வையுங்கள். இருபது வருடமாகப் பூனை வளர்க்கிறேன், வேறு எந்த விதியும் எனக்குத் தெரியாது. எங்கள் முதல் பூனைக்கு ராஜா என்று பெயர். எதிர்வீட்டு அண்ணனுக்கும் அதே பெயர். "ராஜா, மீனைத் திருடித் தின்னுட்டியா நாயே" என்று அம்மா கத்தியதற்கு அந்த வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

பூச்சந்தையில் கிடைத்தது என்பதற்காக மல்லி என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். என் தங்கை வைத்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவில் பூக்காரம்மா "மல்லி, மல்லீ..." என்று கூவி வருவார். அந்தப் பூனை எங்கே படுத்திருந்தாலும் எழுந்து ஓடி வாசலில் உட்கார்ந்துகொள்ளும். மழை நாளில் அவர் வராவிட்டாலும் உட்கார்ந்திருக்கும். பாவமாக இருக்கும்.

சிம்மக்கல்காரி (செவ்வாய், இரவு 10.41)

அத்தையிடம் நான் பேசுகிறேன். மீனாட்சியை விடப் பொருத்தமான பெயர் உலகத்தில் எந்தப் பூனைக்கும் அமையாது. மீன் ஆட்சி! மீனும் வந்துவிட்டது, வீட்டில் இனி யார் ஆட்சி என்பதும் வந்துவிட்டது. "உங்க வீட்ல மதுரையா சிதம்பரமா?" என்று யாராவது கேட்டால் பூனையைக் காட்டிவிடலாம்.

ஓய்வுபெற்ற வாத்தியார் (புதன், காலை 6.05)

சிலேடை நன்று. ஆனால் அது மீன் + அக்ஷி. மீன் போன்ற கண்ணை உடையவள். ஆட்சி அப்புறம் வந்து ஒட்டிக்கொண்ட அர்த்தம். ஆட்சிக் கணக்கே பார்த்தாலும், சித்திரையில் பட்டாபிஷேகம் ஆனதிலிருந்து நான்கு மாதம்தான் அம்மன் ஆட்சி. ஆவணியில் சுவாமிக்குப் பட்டம் கட்டிவிடுவார்கள். பூனைகள் அப்படி எட்டு மாதம் விட்டுக்கொடுக்கும் பிறவிகள் அல்ல.

மாடிவீடு (புதன், காலை 9.15)

சிரித்துவிட்டேன். ஆனால் அத்தை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. "சாமி பேரை வச்சா திட்ட முடியாது, திட்டாம பூனை வளர்க்க முடியாது" என்கிறார். பிள்ளைகளுக்குச் சாமி பெயர் வைத்தால் கூப்பிடும்போதெல்லாம் புண்ணியம் என்பார்களே என்று கேட்டேன். "ராத்திரி பதினோரு மணிக்கு மாடியில நின்னு முருகா முருகான்னு கூப்பிட்டுப் பாரு, கீழ்வீட்டுல நமக்குத்தான் ஏதோ ஆகிப்போச்சுன்னு ஓடி வருவாங்க" என்றார்.

நத்தம்ரோடு, உங்கள் விதி எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்திருக்கிறது பாருங்கள்.

ஊசிக்காரர் (புதன், பகல் 1.30)

கால்நடை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். முதலில் ஆணா பெண்ணா என்று பாருங்கள். வாலைத் தூக்கிப் பார்த்தால், மேலே இருப்பது மலத்துளை. அதற்குக் கீழே சற்று இடைவெளி விட்டு வட்டமான புள்ளி இருந்தால் கடுவன். இரண்டும் நெருக்கமாக, கீழே உள்ளது நெடுக்குக் கோடு மாதிரி இருந்தால் பெட்டை. இரண்டு மாதக் குட்டியில் அனுபவசாலிகளே தப்பாகச் சொல்வதுண்டு.

செம்மஞ்சள் என்பதால் பந்தயம் கட்டுவதானால் கடுவன் பக்கம் கட்டுங்கள். இந்த நிறத்தில் ஐந்துக்கு நான்கு கடுவனாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, பசும்பால் ஊற்றாதீர்கள். எல்லோரும் செய்கிற தப்பு. குட்டிக்கு வயிற்றாலே போகும். வெங்காயம் போட்ட சாம்பார் சாதமும் கூடாது. அவித்த மீன், முள் எடுத்து, உப்பில்லாமல்.

பாலமேட்டான் (புதன், மாலை 4.12)

எங்கள் பக்கம் வந்திருந்தால் இந்த இழையே இருக்காது. மாட்டைப் பார்த்தவுடன் பெயர் வந்துவிடும். கறுப்பு என்றால் காரி, சாம்பல் ஓடினால் மயிலை, செம்மை என்றால் செவலை. கொம்பைப் பிடிக்க வருபவன்கூட "செவலை வருது, செவலை வருது" என்றுதான் கத்துவான். பேச்சு முடிந்தது. செவலை என்று வையுங்கள். கம்பீரமாக இருக்கும்.

பரோட்டாமாஸ்டர் (புதன், மாலை 4.20)

700 கிராமுக்குக் கம்பீரமா?

பாலமேட்டான் (புதன், மாலை 4.22)

கன்றுக்குட்டியும் பிறக்கும்போது காளையாகப் பிறப்பதில்லை தம்பி.

ஓய்வுபெற்ற வாத்தியார் (புதன், இரவு 7.30)

தமிழ்ப் பெயர் என்று கேட்டதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூனைக்குப் பழைய பெயர் வெருகு. இன்று அகராதியில் காட்டுப்பூனை என்று ஒதுக்கிவிட்டார்கள். சங்கப் பாட்டில் அது வீட்டுக்குள்ளேயே திரிகிறது. குறுந்தொகை 107-ஆம் பாட்டில் ஒருத்தி, விடியுமுன் கூவித் தன் தூக்கத்தைக் கெடுத்த சேவலைச் சபிக்கிறாள். நள்ளிருளில் வீட்டு எலியைப் பார்த்துக் காத்திருக்கும் "பிள்ளை வெருகு"க்கு நீ இரையாகிப் போ என்கிறாள். பாடியவர் மதுரைக் கண்ணனார். நம் ஊர்க்காரர்! சேவல் மீது கோபம், பூனை மீது நம்பிக்கை. எனவே வெருகு என்று வைத்தால் ஊருக்கும் பொருந்தும், மொழிக்கும் பொருந்தும்.

இரண்டாவது பெயர் பூசை. தொல்காப்பிய மரபியலிலேயே வருகிறது. வெருகைப் பூசை என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது, அப்படி வழங்கி வந்துவிட்டதைத் தள்ளக் கூடாது என்கிறார். கம்பரும் பாற்கடலையே நக்கிக் குடித்துவிடலாம் என்று போன ஒரு பூசையைத்தான் தனக்கு உவமையாகச் சொல்லிக்கொள்கிறார்.

ஊசிக்காரர் (புதன், இரவு 7.44)

ஐயா, அந்தப் பூனைக்கும் வயிற்றாலே போயிருக்கும்.

சிம்மக்கல்காரி (புதன், இரவு 7.51)

வாத்தியாரே, "பூசையை எங்க காணோம்" என்று தேடினால் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். "இன்னைக்கு உனக்குப் பூசை இருக்குடி" என்றால் அடி விழப் போகிறது என்று அர்த்தம். பூனையே குழம்பிவிடும். வெருகு என்றால், மன்னிக்கணும், ஏதோ கிழங்கு மாதிரி இருக்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார் (புதன், இரவு 7.58)

கிழங்கும் உண்டு. வெருகங்கிழங்கு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

புதுவரவு (புதன், இரவு 9.05)

தாங்கள் எல்லாரும் இவ்வளவு பேசுகிறீர்கள், பூனைக்கு அதன் பெயர் உண்மையில் தெரியுமா?

தெரியும் என்று ஜப்பானில் காட்டியிருக்கிறார்கள். 2019-இல் அட்சுகோ சைட்டோவும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு. பூனையின் பெயருக்குச் சமமான நீளமும் அழுத்தமும் உள்ள நான்கு வேறு சொற்களை முதலில் ஒலிக்க விட்டார்கள். பூனைக்கு அலுத்துப்போய், கண்டுகொள்ளாமல் கிடந்தது. ஐந்தாவதாக அதன் பெயர். காது திரும்பியது, தலை அசைந்தது. முன்பின் தெரியாத ஆள் சொன்னாலும் அப்படித்தான். ஆனால் பூனைகள் நிறைய இருக்கும் பூனைக் காபிக்கடையில் வளர்ந்தவை தன் பெயரையும் கூட இருக்கும் பூனையின் பெயரையும் பிரித்துக் காட்டவில்லை.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, பெயர் எதுவானாலும் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். சோறு வைக்கும்போது சொல்ல வேண்டும். பிடித்து மருந்து ஊற்றும்போது சொல்லக் கூடாது.

பரோட்டாமாஸ்டர் (புதன், இரவு 9.11)

காது திரும்பியது, சரி. வந்ததா?

புதுவரவு (புதன், இரவு 9.14)

பெரும்பாலும் எழுந்து வரவில்லை.

பரோட்டாமாஸ்டர் (புதன், இரவு 9.15)

இதற்கு ஜப்பான் வரை போவானேன். என் வீட்டுக்கு வந்திருக்கலாம்.

சிம்மக்கல்காரி (வியாழன், காலை 7.40)

ராத்திரி முழுக்க யோசித்தேன். கிடைத்துவிட்டது. பூச்சந்தைப் பூனை, செம்மஞ்சள் நிறம். கனகாம்பரம்! அந்தப் பூவுக்கும் வாசனை கிடையாது, ஆனால் தலையில் வைத்தால் வீட்டுக்கே களை வரும். மல்லியோடு சேர்த்துக் கட்டினால்தான் எடுப்பு என்பார்கள். இதுவும் மல்லிச் சாக்கிலிருந்துதான் வந்தது. கூப்பிட கனகு. ஆணானாலும் பெண்ணானாலும் கனகு.

நத்தம்ரோடு (வியாழன், காலை 8.02)

மாடியில் நின்று கத்திப் பார்த்தேன். கனகூ... நன்றாக இழுபடுகிறது. என் ஆதரவு இதற்கு.

பாலமேட்டான் (வியாழன், காலை 8.30)

செவலையை விட ஒரு படி குறைவுதான். பரவாயில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார் (வியாழன், காலை 8.45)

கனகம் என்றால் பொன். வடசொல். இருந்தாலும் அழகு. வழிமொழிகிறேன்.

மட்டுறுத்துநர் (வியாழன், காலை 10.00)

கணவர் ஆட்சி, மனைவி ஆட்சி பற்றிய பதினேழு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். இங்கே பூனை மட்டும்.

மாடிவீடு (வியாழன், இரவு 10.35)

கனகாம்பரம் எனக்கும் மகளுக்கும் அவ்வளவு பிடித்துப்போனது. அவரே "நல்லாத்தான் இருக்கு" என்றார். அட்டையில் அதையே எழுதச் சொல்லலாம் என்று முடிவு செய்துவிட்டு, சாயங்காலம் அடுப்படியில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்த அத்தையிடம் போய்ச் சொன்னேன்.

கரண்டி அப்படியே நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. நான்கு குழி ஊற்றினார். அப்புறம், "வேற ஏதாச்சும் வைக்கலாமே" என்றார்.

சாமி பெயர் இல்லையே அத்தை, பூ பெயர்தானே என்றேன். பதில் இல்லை. ராத்திரி என் வீட்டுக்காரர்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவருடைய பாட்டி பெயர் கனகம். அதாவது அத்தைக்கு மாமியார். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே அவர் போய்விட்டார். வீட்டில் மாலை போட்ட படம் இருக்கிறது. "பெரிய ஆத்தா" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பெயர் என்ன என்று நானும் கேட்டதில்லை.

இப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. பன்னிரண்டு வருடமாக அத்தையோடு பூ வாங்கப் போகிறேன். அவர் ஒரு தடவைகூடக் கனகாம்பரம் என்று சொன்னதில்லை. "அந்தக் கலர்ப் பூ ரெண்டு முழம் குடு." "மல்லிக்கு நடுவுல வைக்கிறது குடு." பேச்சுவாக்கில் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். கடைக்கார அக்காவும் கேள்வியே கேட்காமல் எடுத்துக் கொடுப்பார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று ஒரு பூவின் பெயரையே அவர் விட்டுவிட்டிருக்கிறார். ஐம்பது வருடம் இருக்கும். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆன பிறகும். அப்படிப்பட்டவர் முன்னால் நான் "ஏ கனகு, எறங்கு கீழே" என்று கத்துவதா?

"ரொம்பக் கொடுமைப்படுத்தினாங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். "சேச்சே, எனக்குப் பூக்கட்டச் சொல்லிக் குடுத்ததே அவுகதான்" என்றார்.

எனவே மன்னிக்கவும், கனகாம்பரம் இல்லை.

நத்தம்ரோடு (வியாழன், இரவு 10.58)

அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அப்பா பெயர் கோபால். அம்மா கடைசி வரை கடையில் கோபால் பல்பொடி என்று கேட்டதில்லை. "ரோஸ் பல்பொடி" என்பார். கடைக்காரப் பையன் வேண்டுமென்றே "எந்த ரோஸ் பல்பொடி ஆச்சி?" என்று இழுப்பான். இவர் முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பார். விரலால் சுட்டிக் காட்டுவார். சொல்ல மாட்டார்.

சிம்மக்கல்காரி (வியாழன், இரவு 11.04)

இந்தக் காலத்தில் இதெல்லாம் தேவையா என்று எழுத வந்தேன். அந்தக் கரண்டி நின்றதைப் படித்துவிட்டு எழுதவில்லை. ஆனால் ஒன்று, நான் என் மாமியார் பெயரைச் சொல்வேன். அவரும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். பூவை விட்டுத்தர என்னால் முடியாது.

பாலமேட்டான் (வெள்ளி, காலை 6.15)

செவலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

மாடிவீடு (சனி, மாலை 5.20)

ஊசி போட்டாகிவிட்டது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

காலையில் செவலை என்றே மனதுக்குள் முடிவு செய்துகொண்டு, பழைய துணிப்பையில் குட்டியை வைத்துக் கிளம்பினேன். அத்தையும் வருகிறேன் என்றார். அங்கே நாய்கள் நிறைய. ஒரு பெரிய நாய் குரைத்ததும் குட்டி பையிலிருந்து தாவி, மருந்து அலமாரிக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது. நான் குனிந்து "செவலை, செவலை" என்கிறேன். மகள் "டோரேமான்" என்கிறாள். அசையவில்லை. கண் மட்டும் தெரிகிறது.

அத்தை சேலையைச் சொருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "ஏ புள்ள, வா இங்கிட்டு" என்றார். அவ்வளவுதான். வால் நுனி முதலில் வந்தது, அப்புறம் முழுசாக வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டது.

அப்போதுதான் உறைத்தது. வந்த நாளிலிருந்து மீன் அவித்து, முள் எடுத்து வைப்பது அவர்தான். நாம் இங்கே பெயர் தேடிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர் ஒவ்வொரு வேளையும் "ஏ புள்ள" என்று கூப்பிட்டுச் சோறு வைத்திருக்கிறார்.

டாக்டர் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பொட்டைக்குட்டி" என்றார். அட்டை எழுதுகிற பெண் கேட்டார்.

"பேரு?"

"புள்ள."

"உங்க புள்ள பேரு இல்லம்மா, பூனை பேரு."

"அதாம்மா, புள்ள."

அந்தப் பெண் ஒரு நொடி பார்த்துவிட்டு, அழகாக "பிள்ளை" என்று எழுதினார். பார்த்தால் யாரோ சாதிப் பட்டம் போட்டுக்கொண்ட பெரிய மனிதர் பெயர் மாதிரி இருந்தது. வேண்டாம் என்று திருத்தச் சொன்னேன். இப்போது அட்டையில் அடித்து எழுதிய "புள்ள" இருக்கிறது. ரேபிஸ் ஊசிக்கு அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

பாலமேட்டான் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாலமேட்டான் (சனி, மாலை 5.41)

பொட்டை என்று தெரிந்த பிறகு செவலை எதற்கு. நல்லா இருக்கட்டும்.

ஊசிக்காரர் (சனி, இரவு 8.10)

பந்தயத்தில் தோற்றுவிட்டேன். ஐந்தில் ஒன்று உங்களுக்கு வாய்த்திருக்கிறது. காரணம் எளிது. செம்மஞ்சள் நிறத்தைத் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதில் அது இருந்தாலே உடம்பு முழுக்க இந்த நிறம். பெட்டைக்கு இரண்டு, இரண்டிலும் இருந்தாக வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் கறுப்பும் செம்மஞ்சளும் கலந்து திட்டுத்திட்டாக வரும். அது எந்த மரபணு என்று நூறு வருடத்துக்கும் மேலாகத் தேடி, 2025-இல்தான் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டன.

பெட்டை என்பதால் ஆறு மாதம் ஆவதற்குள் கருத்தடைக்குக் கேட்டு வையுங்கள். நாள் தள்ளினால் அடுத்த இழை நாலு பெயர் கேட்டு வரும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் (சனி, இரவு 8.32)

அம்மா, எனக்குக் கை நடுங்குகிறது. புதன்கிழமை நான் எழுதியதை மறுபடி பாருங்கள். மதுரைக் கண்ணனார் என்ன சொன்னார்? பிள்ளை வெருகு!

இத்தனைக்கும் தொல்காப்பியப்படி பார்த்தால், பூனையின் இளமைப் பெயர் குட்டி. பறழ் என்றாலும் தப்பில்லை. பிள்ளை என்பதைப் பறவைகளுக்குத்தான் முதலில் சொல்கிறார். பூனைக்கு அவர் கொடுக்கவில்லை. கவிஞர் கொடுத்தார். உங்கள் மாமியாரும் கொடுத்திருக்கிறார். நான் வெருகைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த பிள்ளையை விட்டுவிட்டேன்.

சிம்மக்கல்காரி (சனி, இரவு 8.40)

ஐயாவுக்கு யாராவது தண்ணீர் கொடுங்கள்.

மாடிவீடு (சனி, இரவு 9.25)

வாத்தியார் ஐயா எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். சேவலைச் சபித்த கதையை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். "கீழ்வீட்டுச் சேவலுக்கும் அதேதான் வேணும்" என்றார். மகள் இன்னும் டோரேமான் என்றுதான் கூப்பிடுகிறாள். அதற்கும் ஒரு காது திரும்புகிறது, புதுவரவு கவனிக்க.

பரோட்டாமாஸ்டர் (ஞாயிறு, காலை 11.02)

இழையைப் பூட்டும் முன் ஒன்று. எங்கள் கடைப் பின்பக்கம் விறகுக்கு நடுவே நாலு குட்டி கிடக்கிறது. இரண்டு கறுப்பு, ஒன்று சாம்பல், ஒன்று கலப்பு. பால் மறந்ததும் தருகிறேன். யாருக்காவது வேண்டுமா? கலப்புக்கு மட்டும் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. சால்னா.